காய் நறுக்கும் கண்ணகி

கண்ணகியை எண்ணெய் வண்ணத்தில் வரையப் போகிறேன் என்று சொன்னதும், கேட்டவர்களில் பலர் வலது கையைத் தூக்கிக் காட்டினார்கள். விரித்த கூந்தல், சிவந்த கண், உயர்த்திய கையில் ஒற்றைச் சிலம்பு. 1968இல் மெரினா கடற்கரையில் நிறுவிய சிலை முதல் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி வரை நம் மனத்தில் நிற்கும் கண்ணகி அவள்தான். அவள் மேல் எனக்கும் பெரிய மரியாதை. ஆனால் நான் வரைய ஆசைப்பட்டது, பாண்டியன் அவைக்குப் போவதற்கு முந்தைய கண்ணகியை. ஆயர்பாடியில், அடைக்கலம் தந்த இடைச்சி மாதரி கொடுத்த சின்ன வீட்டில் உட்கார்ந்து, புருஷனுக்குச் சமைக்கக் காய் நறுக்குகிறாளே, அவளை.

சிலப்பதிகாரத்தில் இது 16ஆவது காதையில் வருகிறது. காதைக்குப் பெயரே கொலைக்களக் காதை. கோவலன் வெட்டுப்பட்டுச் சாவது இதே காதையின் முடிவில்தான். அதன் முன்பகுதியில் இளங்கோவடிகள் ஒரு சமையலை நிதானமாக, ஒவ்வொரு காயாகச் சொல்லிக்கொண்டு போகிறார். படிக்கிற நமக்கு முடிவு தெரியும். சமைக்கிறவளுக்குத் தெரியாது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஓவியத்துக்கு இதைவிட நல்ல இடம் இந்தக் காப்பியத்தில் இல்லை என்பது என் முடிவு.

இலக்கியத்தில் வரும் ஒரு பெண்ணை வரைய நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஊருக்கே தெரிந்த உச்சக்கட்டத்தை விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் ஓர் இடம் இருக்கும், அதைத் தேடுங்கள். ராஜா ரவி வர்மா 1898இல் சகுந்தலையை வரைந்தபோது சாபத்தையும் தொடவில்லை, அரசன் அவளை யாரென்று தெரியாது என்று சொன்னதையும் தொடவில்லை. காலில் முள் குத்தியதுபோல் பாசாங்கு செய்து, துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் பெண்ணை வரைந்தார். அந்த ஒரு பார்வையில் கதை முழுக்க வந்துவிடுகிறது.

இலக்கியத்துக்கு வெளியேயும் இதைப் பார்க்கலாம். நம் சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் ஓவியர் சுவா மியா டீ 1959இல் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ இருக்கிறது. ஒரு வட்ட மேசையைச் சுற்றிப் பல இனத்தவர் கூடி மலாய் படிக்கிறார்கள். கரும்பலகையில் உன் பெயர் என்ன, எங்கே குடியிருக்கிறாய் என்று இரண்டு கேள்விகள். அவ்வளவுதான் படம். சிங்கப்பூருக்குச் சுயாட்சி கிடைத்த ஆண்டு அது. ஒரு நாடு தன்னை யாரென்று கேட்டுக்கொண்டதை, அந்த இரண்டு சாதாரணக் கேள்விகள் சொல்லிவிடுகின்றன. அந்தப் படத்தின் முன்னால் நின்ற பிறகுதான், அடுப்படியில் இருக்கும் கண்ணகியைத் தைரியமாக வரையலாம் என்று தோன்றியது.

இடம் முடிவானதும் நான் கான்வாஸ் வாங்க ஓடவில்லை. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையோடு உட்கார்ந்தேன். உ.வே.சா. 1892இல் பதிப்பித்த நாளிலிருந்து இந்தக் காப்பியத்துக்கு நல்ல பதிப்புகளுக்குக் குறைவில்லை. உரையோடு படித்தால்தான் ஓவியருக்குப் பிழைப்பு. பதம் பதமாகப் பிரித்துச் சொல்லும்போது நிறம், பொருள், வெளிச்சம் எல்லாம் கையில் வந்து விழும். ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டேன். ஒன்றில் நூல் சொல்வது, இன்னொன்றில் அதற்கு நான் வைக்கப்போகும் வண்ணம்.

நூல் எவ்வளவு தருகிறது பாருங்கள். மாதரி கொடுத்த வீட்டுக்குச் செம்மண் பூசியிருக்கிறது, பந்தல் போட்டிருக்கிறது. கண்ணகி உடம்பில் அலங்காரம் ஏதும் இல்லை. நகை போடாமலே மதுரைப் பெண்களை மிஞ்சும் அழகு என்று மாதரி சொல்கிறாள். சமையலுக்கு வந்தவை பலாக்காய், வரி விழுந்த வளைந்த வெள்ளரிக்காய், பச்சை மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், செந்நெல் அரிசி, பால். வளைந்த வாயுள்ள அரிவாளால் அறுக்கிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. அடுப்படி கரி பிடித்துக் கிடக்கிறது. மாதரியின் மகள் ஐயை வைக்கோல் தீ மூட்டிக்கொடுக்கிறாள். ஒரு வரி விடாமல் வரைய முடிகிற மாதிரி எழுதியிருக்கிறார் இளங்கோ!

இதில் என்னை மிகவும் பிடித்து நிறுத்தியது வியர்வை. நாலாவது காதையில், கோவலன் மாதவி வீட்டில் இருக்கும் நாட்களில், கண்ணகியின் கோலத்தை இளங்கோ வரிசையாகச் சொல்வார். காலில் சிலம்பு இல்லை, கண்ணில் மை இல்லை, நெற்றியில் திலகம் இல்லை, கூந்தலில் எண்ணெய் இல்லை. அந்த வரிசையில், முகத்தில் சிறு வியர்வையும் இல்லை என்று ஒன்று வருகிறது. அங்கே வியர்க்காத முகம் இங்கே அடுப்படியில் வியர்க்கிறது. கணவன் திரும்பி வந்துவிட்டான், அவனுக்கு அவள் கையால் சோறு. அந்த வியர்வை அவளுடைய சந்தோஷம் என்று எனக்குப் பட்டது. அதனால் படத்தில் அவள் முகம் சோகமாக இருக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். முடிவு தெரிந்த நாம் சோகப்படலாம். அவள் எதற்குச் சோகப்பட வேண்டும்?

அப்புறம் பொருள் சேர்க்கும் வேலை. காய்கறிக்குத் தேக்கா சந்தை போதும். வெள்ளரிக்காய் வாங்கும்போது நேராக இருப்பதைத் தள்ளிவிட்டு வளைந்ததாகப் பொறுக்கினேன். கடைக்காரர் நல்லதா எடுங்கக்கா என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அரிவாள்மணை பெரியம்மா வீட்டிலிருந்து வந்தது. புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறார். ஊரிலிருந்து கொண்டுவந்த மணை, பலகை கறுத்துப்போய், இரும்பு தேய்ந்து நடுவில் உள்வாங்கி இருக்கும். நூலில் வருவது கையில் பிடிக்கும் அரிவாள்தான். ஆனால் உட்கார்ந்த உடம்பின் வளைவும் இரண்டு கையின் வேலையும் அரிவாள்மணையில்தான் நன்றாக வரும் என்பதால் அதை எடுத்துக்கொண்டேன்.

கண்ணகிக்காக உட்கார்ந்தவள் அக்கா மகள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. அரிவாள்மணை முன்னால் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. மாசாத்துவான் வீட்டு மருமகள், மாநாய்கன் மகள், செல்வத்தில் வளர்ந்தவள். சமையல் தெரிந்தவள்தான், ஆனால் விரல் மெல்லிசு. பழகிய கை சிவக்காது. பெரியம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தார்.

“கத்தி நகராதும்மா. காயைத்தான் கத்திக்கிட்ட கொண்டு போகணும். ரெண்டு கையாலயும் புடிச்சு, மெதுவா அழுத்து.”

“பாட்டி, காய் வழுக்குது.”

“வழுக்கத்தான் செய்யும். விரலை மடக்கிக்க. முழங்காலை மணை மேல நல்லா ஊனிக்க.”

அந்த முழங்கால் விஷயம் பெரியம்மா சொல்லாவிட்டால் என் படத்தில் வந்திருக்காது. அரிவாள்மணைப் பலகையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு உட்காரும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது, எதிர்த்தோள் கொஞ்சம் மேலே போகிறது. கழுத்து அதற்கு எதிராகச் சாய்ந்து சரிக்கட்டுகிறது. கற்பனையில் வரைந்தால் தோள் இரண்டும் சமமாகத்தான் நிற்கும். ஃபேனை நிறுத்திவிட்டோம். சிங்கப்பூர்ப் பகல் வேளையில் ஃபேன் நின்றால் வியர்வைக்குப் பஞ்சமா? மேலுதட்டிலும் காது முன்னாலும்தான் முதலில் பூத்தது. பலாக்காய் அறுக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சிவந்துவிட்டன. நகத்தைச் சுற்றி வெளுத்து, அதற்கு அப்பால் சிவந்திருந்தது. உடனே கிட்டப் போய்ப் படம் எடுத்துக்கொண்டேன், எண்ணெய் வண்ணத்தில் சின்னச் சின்னதாக விரல்களை மட்டும் வரைந்தும் வைத்துக்கொண்டேன். போட்டோ நிழலைக் கறுப்பாக்கிவிடும், சிவப்பைக் கத்த வைக்கும். கண்ணால் பார்த்து வரைந்த சின்னப் படம்தான் கடைசிவரை கைகொடுத்தது.

“சித்தி, கால் மரத்துப்போச்சு” என்று அவள் சொன்னதும் நிறுத்திவிட்டோம். ஆளை உட்கார வைத்து வரைகிறவர்களுக்கு: இதில் கடுமை வேண்டாம். ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லே 1851-52இல், ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஆற்றில் மூழ்கிச் சாகும் ஒபீலியாவை வரைந்தபோது, எலிசபெத் சிடால் என்ற பெண்ணைக் குளியல் தொட்டித் தண்ணீரில் படுக்க வைத்தார். தண்ணீர் சூடாக இருக்க அடியில் வைத்த விளக்குகள் அணைந்துபோய் அந்தப் பெண் காய்ச்சலில் விழுந்தார். படம் இன்றும் லண்டனில் இருக்கிறது. அதை நினைக்கும்போது எனக்கு அந்தப் பெண்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறார். மில்லேயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு ஒன்று: ஆற்றங்கரையை முதலில் அங்கேயே போய் வரைந்துவிட்டு, ஆளைப் பிறகு வைத்தார். நானும் சுவர், அடுப்பு, காய்கள் எல்லாவற்றையும் முதலில் முடித்தேன். ஆள் உட்கார வேண்டிய நேரம் அதனால் பாதியானது.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் புத்தகங்கள் இதில் நமக்கு உதவாது. வடக்கு ஜன்னல் பக்கம் வரைந்தால் நாள் முழுக்க ஒரே வெளிச்சம் கிடைக்கும், நேர் வெயில் வராது என்று எல்லாவற்றிலும் எழுதியிருக்கும். ஐரோப்பாவுக்கு அது சரி. நாம் இருப்பது பூமத்தியரேகைக்கு ஒட்டினாற்போல், ஒன்றே கால் பாகை வடக்கில். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நமக்குச் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அடிக்கும். ஆண்டின் மற்ற மாதங்களில் தெற்கு ஜன்னல் அப்படி. அதனால் மாதத்தைப் பார்த்து ஈஸலின், அதாவது கான்வாஸை நிறுத்தும் தாங்கியின், இடத்தை மாற்றுங்கள், அல்லது ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள். நான் துணி கட்டிக்கொண்டேன்.

படத்துக்குள்ளே இரண்டு வெளிச்சம். இடது பக்கம் வாசல் வழியே வரும் பகல் வெளிச்சம், கொஞ்சம் நீலம் கலந்தது. வலது பக்கம் கீழேயிருந்து ஐயை மூட்டிய வைக்கோல் தீ. இரண்டும் கண்ணகி முகத்தில் சந்திக்கின்றன. இங்கேதான் வியர்வைக்கு ஒரு வழி கிடைத்தது. வியர்வைத் துளியை வெள்ளைப் புள்ளியாக வைத்தால் முத்து ஒட்டினமாதிரி ஆகிவிடும். துளி தன் பக்கத்து வெளிச்சத்தின் நிறத்தைத்தான் காட்டும். வாசல் பக்கக் கன்னத்தில் சாம்பல் நீலம், அடுப்புப் பக்கத்தில் வெளிறிய ஆரஞ்சு. அதுவும் மூன்று நான்கு இடத்தில் மட்டும். மற்ற இடத்தில் தோல் பளபளப்பு போதும்.

தோலுக்குக் காலண்டர் ரோஜா நிறம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுப் பெண்களின் மாநிறம்தான். பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர், அல்ட்ராமெரின் ப்ளூ, கொஞ்சம் டைட்டேனியம் ஒயிட். நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். சியன்னாவும் அல்ட்ராமெரினும் சேர்ந்தாலே ஆழமான, உயிருள்ள கருமை வரும். மாநிறத்தில் வெளிச்சம் படும் இடத்துக்கு வெள்ளையை அள்ளிக் கலந்தால் சாம்பல் பூத்துவிடும். ஓக்கரைக் கூட்டி, வெள்ளையைக் குறைத்து ஏற்றினால் சூடு போகாது.

எல்லாவற்றையும்விட அதிகம் யோசித்தது விரல் சிவப்பைத்தான். படம் பார்க்கிறவர் கண் அங்கேதான் போய் நிற்க வேண்டும். ஆனால் சுவரே செம்மண். சுவர் கத்தினால் விரல் கேட்காது. நூலே இதற்கும் வழி வைத்திருக்கிறது. அடுப்படி கரி பிடித்தது என்கிறதல்லவா? செம்மண் சுவர் மேல் பர்ன்ட் அம்பரை மெல்லிசாக இழுத்துக் கரி ஏற்றினேன், சிவப்பு அடங்கிவிட்டது. மாதுளை பச்சைக் காய் என்று சொல்லியிருப்பதும் உதவி. கடையில் கிடைப்பது சிவந்த பழம்தான், அதை அப்படியே வரைந்திருந்தால் விரலோடு சண்டைக்கு வந்திருக்கும். விரலுக்கு நேர் கீழே வெள்ளரிக்காயின் பச்சை. பச்சைப் பக்கத்தில் சிவப்பு தானாக எழும்பும். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு விரல் நுனியில் நான் வைத்த சிவப்பு மிகக் கொஞ்சம். அந்தச் சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் வேண்டாம். மெல்லிசாகப் பூசினால் வெளிச்சத்தில் காலப்போக்கில் மங்கிவிடும் வண்ணம் அது. குவினாக்ரிடோன் சிவப்பு நிலைத்து நிற்கும். டியூபின் மேல் இருக்கும் நிறமி எண்ணைப் படித்து வாங்குங்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போனால் நின்று நிதானமாகப் படித்துப் பார்த்து வாங்கலாம்.

எண்ணெய் வண்ணம் காய்வது தண்ணீர் ஆவியாவதைப் போன்றது கிடையாது. ஆளிவிதை எண்ணெய் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேல் அடுக்கில் கூடுதலாகவும் இருக்க வேண்டும்; மாற்றிச் செய்தால் பின்னால் வெடிப்பு விடும். மண் நிறமிகள், முக்கியமாக அம்பர், சீக்கிரம் காயும். டைட்டேனியம் வெள்ளை மெதுவாகக் காயும். செம்மண் சுவர், கரி, பலகை என்று என் படத்தின் அடித்தளம் முழுக்க மண் நிறமாக அமைந்தது இந்த வகையில் பெரிய சௌகரியம். வேலை தடங்கல் இல்லாமல் நகர்ந்தது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் எண்ணெய் வண்ணம் வரைகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது துடைத்த துணி. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், அது இறுகும்போது உண்டாகும் சூடு உள்ளேயே தங்கி, தானாகத் தீப்பிடிக்கலாம். இது கட்டுக்கதை கிடையாது. குப்பைக் குழாயில் போடவே கூடாது. தண்ணீரில் நன்றாக நனைத்து, பையில் கட்டி, தனியாக அப்புறப்படுத்துங்கள். அடுத்தது டர்பென்டைன். மூடின வீட்டில் அது தலைவலி. நான் பிரஷ்ஷை முதலில் ஆளிவிதை எண்ணெயில் கசக்கித் துடைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தாலும் பயமில்லை.

காய வைக்கும் இடமும் முக்கியம். வீட்டுக்குள்ளேயே பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறை இருக்கிறதே என்று அதற்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். காற்றோட்டம் இல்லை, இருட்டு வேறு. இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும். பகல் வெளிச்சத்தில் கொஞ்ச நாள் வைத்தால் அந்த மஞ்சள் பெரும்பாலும் தெளிந்துவிடும், ஆனால் பூஞ்சணம் பிடித்தால் அது எளிதில் போகாது. இங்கே காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும். வெளிப்பக்கம் மழைபடும் சுவரில் படத்தை மாட்ட வேண்டாம். உள்சுவரில் மாட்டி, சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று போகும். டிசம்பர் மழையில் கான்வாஸ் தளர்ந்தால் பதற வேண்டாம்; பின் சட்டத்து மூலையில் உள்ள மர ஆப்புகளை மெதுவாகத் தட்டினால் விறைத்துக்கொள்ளும். வார்னிஷுக்கு அவசரமே வேண்டாம். பழைய முறை வார்னிஷ் என்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பொறுக்க வேண்டும்.

படத்தைப் பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி: சிலம்பு எங்கே? இருக்கிறது. கோவலன் சிலம்பில் ஒன்றைக் கேட்டு வாங்குவது சாப்பிட்ட பிறகுதான். ஆகவே இந்த நேரத்தில் இரண்டும் அவளிடம்தான். அலங்காரம் இல்லை என்று நூல் சொன்னாலும், சேலைக் கரைக்குக் கீழே, மணையை அழுத்தும் காலில், ஒரு சிலம்பின் வளைவு மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். தீ வெளிச்சம் அதன் விளிம்பில் மெல்லிசாகப் படுகிறது. தேடினால்தான் கிடைக்கும். இது கண்ணகி மாதிரியே இல்லையே என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் 16ஆவது காதையைப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு வந்து ஓர் அம்மா படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். “பாவம், வெள்ளரிக்காய்கூட நல்லாப் பிஞ்சாப் பாத்து வாங்கியிருக்கா” என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டிலேயே பெரியது அதுதான்.

பெரியம்மா கையைத்தான் பார்த்தார். “இந்தக் கட்டைவிரல்ல இன்னும் கொஞ்சம் அழுத்தம் தெரியணும்” என்றார். தெரிய வைத்தேன்.

படத்துக்குப் பின்னால், பலகையில், பென்சிலால் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்: எந்தக் காதை, எந்தப் பதிப்பு, என்ன துணி, என்னென்ன நிறமி, எந்த எண்ணெய், எந்த மாதம் முடித்தது. பின்னொரு நாள் யாராவது இதைச் சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ வேண்டி வந்தால் அவர்களுக்கு உதவும். வார்னிஷ் போடும் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.